அங்கவடியும் முழங்காலும்

நம் செவியின் உட்புறத்தில் மூன்று சிறிய எலும்புகள் இருப்பதைப் பள்ளி மாணவர் அனைவரும் படித்திருப்பர். சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு என்பன அவற்றின் பெயர்கள். கொல்லன் பட்டறையைப் பார்த்தவர்களுக்குச் சுத்தியும் பட்டடையும் தெரியும். ஆனால் அங்கவடி என்றால் என்ன என்று கேட்டால் பலர் விழிப்பர். எலும்பின் பெயரை நினைவில் வைத்திருக்கும் நாம், அந்தப் பெயருக்கு உரிய பொருளை மறந்துவிட்டோம்.

குதிரையின் சேணத்திலிருந்து இருபுறமும் இரண்டு வார்கள் தொங்கும். அவற்றின் முனையில், ஏறுபவர் பாதத்தை வைத்துக்கொள்ள ஒரு வளையம் மாட்டப்பட்டிருக்கும். அதுவே அங்கவடி. மேற்பகுதி வளைவாகவும், பாதம் பதியும் அடிப்பகுதி தட்டையாகவும் இருக்கும். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமே உடைய, நம் உடலின் மிகச் சிறிய எலும்பு அதே வடிவில் அமைந்திருப்பதால் அதற்கும் அந்தப் பெயர் வந்தது.

1546ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இன்கிராசியா என்னும் மருத்துவர் இந்த எலும்பை இனங்கண்டு, அங்கவடியின் பெயரையே அதற்குச் சூட்டினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மருத்துவர்கள் பயன்படுத்தும் 'ஸ்டேப்பீஸ்' என்ற சொல் லத்தீன் போலத் தோன்றினாலும், பழைய லத்தீனில் அப்படி ஒரு சொல் கிடையாது. அது பிற்காலத்தார் ஆக்கிக்கொண்ட சொல். பழைய ரோமானியர்களிடம் அங்கவடி இல்லை. பொருளே இல்லாதபோது சொல் எங்கிருந்து வரும்? அலெக்சாந்தரும் ஜூலியஸ் சீசரும் கால்களைத் தொங்கவிட்டபடியேதான் குதிரை ஏறினார்கள்.

அங்கவடியின் வரலாற்றை அறிஞர்கள் பெரும்பாலும் போரின் வரலாறாகவே எழுதியிருக்கிறார்கள். அது மனிதனின் மூட்டுகளின் வரலாறும் ஆகும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்று மூட்டுகளும் சுமக்கும் பாரத்தை எங்கே, எப்படி இறக்கி வைப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்து மக்களும் தந்த விடைதான் அங்கவடியின் ஒவ்வொரு வடிவமும். மூட்டு வலி உள்ளவர் இன்று குதிரை ஏற விரும்பினால் எத்தகைய அங்கவடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கும் இந்த வரலாற்றிலேயே விடை கிடைக்கிறது.

தொங்கிய கால்கள்

கருங்கடலுக்கு வடக்கே பரந்த புல்வெளிகளில் சிதியர்கள் என்னும் நாடோடி மக்கள் வாழ்ந்தனர். குதிரையே அவர்கள் வாழ்க்கை. கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களுள் காற்று, நீர், நிலம் ஆகியவற்றைப் பற்றிய நூல் ஒன்று உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்நூல் சிதியர்களின் நோய் ஒன்றைக் குறிப்பிடுகிறது. இடைவிடாமல் குதிரைமீது அமர்ந்து, பாதங்களைத் தொங்கவிட்டபடியே இருப்பதால் அவர்களுடைய மூட்டுகள் வீங்குகின்றன என்றும், நோய் முற்றியவர்கள் இடுப்பு முடங்கி நொண்டுகிறார்கள் என்றும் அது கூறுகிறது. குதிரையேற்றத்தையும் மூட்டு நோயையும் தொடர்புபடுத்தும் மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளுள் இது ஒன்று. அந்த நோய் உண்மையில் எதுவாக இருந்தாலும், அதற்குக் காரணம் தொங்கும் பாதம் என்று அன்றைய மருத்துவர் கருதினார் என்பது கவனிக்கத்தக்கது.

அதற்குச் சற்றுப் பின் வாழ்ந்த கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் குதிரையேற்றம் பற்றித் தனி நூலே எழுதினார். முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியை விறைப்பாக வைக்காமல் தளர்வாகத் தொங்கவிட வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. விறைத்த கால் எதிலாவது மோதினால் முறிந்துவிடும் அல்லவா?

கால் வைக்க இடமில்லாதபோது குதிரைமீது ஏறுவதே பெரும்பாடு. இளைஞர்கள் ஈட்டியை ஊன்றித் தாவி ஏறினார்கள். முதியவர்களை வேலையாட்கள் தூக்கிவிட வேண்டியிருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமானிய மக்கள் தலைவர் காயஸ் கிராக்கஸ் சாலைகளை அமைத்தபோது, உதவியாள் இல்லாமலே குதிரை ஏறுவதற்காகச் சாலையின் இருமருங்கிலும் கற்களை நடச் செய்தார் என்று புளூட்டார்க் எழுதியுள்ளார். அங்கவடி பிறக்கும் முன்பே மூட்டுக்கு உதவிய கருவி அந்தப் படிக்கல். இன்றும் நல்ல குதிரையேற்றப் பள்ளிகளில் ஏறுபடி வைத்திருப்பதைக் காணலாம்.

கட்டை விரலுக்கு ஒரு கண்ணி

கால் வைக்கும் இடத்தைப் பற்றிய முதல் முயற்சிகளுள் ஒன்று நம் நாட்டில் தோன்றியது. கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சாஞ்சி, மதுரா போன்ற இடங்களின் சிற்பங்களில் குதிரை வீரர்களைக் காண்கிறோம். அவர்களுள் சிலருடைய பாதம் குதிரையின் வயிற்றைச் சுற்றிய கச்சையிலோ, அதிலிருந்து தொங்கும் கண்ணியிலோ மாட்டப்பட்டிருக்கிறது. கால் கட்டை விரலை மட்டும் நுழைத்துக்கொள்ளும் சிறு கண்ணி இது என்று வரலாற்றறிஞர் பலர் விளக்குகின்றனர்.

இத்தகைய கருவி இந்தியாவில் தோன்றியதில் வியப்பில்லை. வெப்ப நாட்டில் வெறுங்காலுடன் குதிரை ஏறுபவர்க்கே விரல் கண்ணி பயன்படும். குளிர் நாட்டில் தடித்த தோல் காலணி அணிந்தவர் விரலை எங்கே நுழைப்பது? ஒரு கருவியின் வடிவத்தை அதைப் பயன்படுத்துபவரின் உடலும் உடையும் தட்பவெப்பமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

ஆனால் விரல் கண்ணியால் என்ன பயன், என்ன குறை? சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

குதிரை வீரரின் எடை 60 கிலோகிராம் என்று கொள்வோம். அவர் சேணத்திலிருந்து எழுந்து நிற்கும்போது முழு எடையும் இரு கால்களின் வழியாகக் கீழே இறங்குகிறது. கட்டை விரல் கண்ணியில் படும் பரப்பு ஒரு காலுக்கு 3 சதுர செ.மீ. என்றால், இரு கால்களுக்கும் 6 சதுர செ.மீ. ஆகவே ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பும் 10 கிலோகிராம் பாரத்தைத் தாங்க வேண்டும். விரல் மூட்டு இதைத் தாங்காது. எனவே விரல் கண்ணி நிலை தடுமாறாமல் இருக்க உதவுமே ஒழிய, எடையைச் சுமக்க உதவாது.

ஒரு செ.மீ. தடிப்புள்ள இரும்புக் கம்பி வளையத்தில் பாதத்தின் முன்பகுதி 9 செ.மீ. அகலத்திற்குப் பதிவதாகக் கொண்டால், இரு கால்களுக்கும் 18 சதுர செ.மீ. அழுத்தம் சதுர செ.மீ.க்கு 3.3 கிலோகிராமாகக் குறைகிறது. கம்பிக்குப் பதிலாக 4 செ.மீ. அகலமுள்ள தட்டை வைத்தால் 72 சதுர செ.மீ.; அழுத்தம் ஏறத்தாழ 0.8 கிலோகிராம். தட்டின் அகலத்தை 6 செ.மீ. ஆக்கினால் 0.6 கிலோகிராமுக்கும் கீழே இறங்கிவிடும். சுமை மாறவில்லை, சுமை பரவும் பரப்பு மட்டுமே மாறியது. விரல் கண்ணியிலிருந்து அகன்ற தட்டு வரை அங்கவடி நடந்து வந்த பாதையில் பெரும் பகுதி இந்தக் கணக்கினுள் அடங்கிவிடுகிறது.

இரும்பு வளையம் பிறந்தது

பாதம் முழுவதையும் தாங்கும் வளையம் சீனாவில் உருவானது. சாங்ஷா நகரில் கி.பி. 302ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறை ஒன்றில் கிடைத்த குதிரைப் பொம்மையில், இடப்புறம் மட்டும் ஒரு சிறு அங்கவடி இருக்கிறது. வீரனின் கால் அதில் இல்லை. ஏறுவதற்கு மட்டும் பயன்பட்ட படி அது என்பது இதனால் விளங்கும். நான்கிங் நகருக்கு அருகே கி.பி. 322ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறையில் கிடைத்த பொம்மையில் இருபுறமும் அங்கவடிகள் உள்ளன. கி.பி. 415இல் இறந்த ஃபெங் சூஃபூ என்பவரின் கல்லறையில் உண்மையான அங்கவடிகளே கிடைத்தன. மரத்தால் செய்து, மேலே பொன் முலாம் பூசிய வெண்கலத் தகடு போர்த்தியவை அவை.

இருபது ஆண்டு இடைவெளியில் நேர்ந்த மாற்றத்தைப் பாருங்கள். முதலில் ஒரு படி. பிறகு இரண்டு தாங்கிகள். ஏறும்போது மட்டும் உதவிய பொருள், ஏறிய பிறகும் உதவத் தொடங்கியது. இரு கால்களும் சமமாகத் தாங்கப்பட்டபோது இடுப்பு ஒருபக்கம் சாயாமல் நேராக நின்றது.

சீனாவிலிருந்து புல்வெளி நாடோடிகள் வழியாக இக்கருவி மேற்கே பரவியது. கி.பி. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவார் இனத்தார் அதை ஐரோப்பாவிற்குக் கொண்டு வந்தனர். கி.பி. 600ஐ ஒட்டி எழுதப்பட்ட பைசாந்தியப் போர்நூல் ஒன்று, குதிரை வீரர்கள் சேணத்தில் இரண்டு இரும்பு அங்கவடிகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதே நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. காயமுற்றவர்களைப் போர்க்களத்திலிருந்து மீட்கும் பணியாளர்களின் சேணத்தில் இரண்டு அங்கவடிகளையுமே இடப்புறத்தில், ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாக, மாட்ட வேண்டும் என்பதே அது. மீட்பவர் ஒன்றில் கால் வைத்து ஏறுவார். காயமுற்றவர் மற்றதில் கால் வைத்து அவர் பின்னே ஏறிக்கொள்வார். உடல் வலுவற்றவர்க்காக அங்கவடியை மாற்றி அமைத்த முயற்சி 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது!

அரபு நாட்டினர் முதலில் மர அங்கவடிகளைப் பயன்படுத்தினர். எடையை அழுத்தி ஊன்றும்போது மரம் முறிந்து வீரர் விழ நேர்ந்தது. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் அல் முகல்லப் என்னும் படைத்தலைவர் இரும்பில் அங்கவடி செய்ய ஆணையிட்டார் என்று அரபு நூல்கள் கூறுகின்றன.

அமெரிக்க வரலாற்றறிஞர் லின் ஒயிட் 1962இல் எழுதிய நூலில், ஐரோப்பாவின் நிலப்பிரபுத்துவ அமைப்பே அங்கவடியின் விளைவு என்று வாதிட்டார். அங்கவடி இருந்ததால் குதிரை வீரன் ஈட்டியை அக்குளில் இடுக்கிப் பாய முடிந்தது. அத்தகைய வீரனைப் பேண நிலம் தேவைப்பட்டது. அதிலிருந்து பிரபுக்கள் தோன்றினர் என்பது அவர் கருத்து. ஒரு சமுதாயத்தையே ஓர் இரும்பு வளையத்தில் தொங்கவிட முடியாது என்று மறு ஆண்டே பிற அறிஞர்கள் மறுத்தனர். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் நாள்தோறும் பல மணி நேரம் குதிரைமீது செல்ல வேண்டியிருந்த வீரனின் கால்களுக்கு அங்கவடி ஓய்வு தந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

புதுச்சேரியில் நடந்த குதிரை ஆய்வு

இந்தியாவில் இந்த வரலாற்றைத் தேடுபவருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. தோல் வார் மட்கிவிடும்; இரும்பு துருப்பிடித்து உதிர்ந்துவிடும். சீனக் கல்லறைகளைப் போலப் பொருள்களைப் பாதுகாத்து வைத்த இடங்களும் இங்கு அரிது. நிலைத்து நிற்பவை கோயில் சிற்பங்களும் ஓவியங்களுமே. கல்லில் செதுக்கிய குதிரையின் சேணத்தையும் கடிவாளத்தையும் அங்கவடியையும் ஒன்று விடாமல் பார்த்து, அளந்து, வரைந்து வரலாற்றை எழுத வேண்டும். அந்தப் பணியைச் செய்தவர் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோஷ் (1929–2019).

1954இல் பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியிலிருந்து விலகிய மறு ஆண்டு, அங்கே செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. தென்னிந்தியக் கோயில்களின் ஒளிப்படங்கள் ஓர் இலட்சத்திற்கும் மேல் அந்நிறுவனத்தில் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் கிளை ஒன்றும் அதே நகரில் உண்டு. அப்பள்ளியைச் சேர்ந்த தெலோஷ், பழைய இந்தியாவின் சாலைகள், படகுகள், பாலங்கள், கோட்டைகள் ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். ஹொய்சளர் சிற்பங்களில் காணும் போர்க்கருவிகளைப் பற்றி 1989இல் ஒரு நூலும், இந்தியக் கலையில் காணும் குதிரைகளையும் சேணப் பொருள்களையும் பற்றி 1990இல் ஒரு நூலும் வெளியிட்டார். பேலூரிலும் ஹளேபீடிலும் நாம் கண்டு வியந்து கடந்துபோகும் குதிரை வரிசைகள், அவர் கையில் பொறியியல் சான்றுகளாயின.

12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அந்த ஹொய்சளச் சிற்பங்களில் சேணமும் அங்கவடியும் தெளிவாகத் தெரிகின்றன. சாஞ்சியின் கண்ணிக்கும் ஹளேபீடின் வளையத்திற்கும் இடையே ஏறத்தாழ 1,300 ஆண்டுகள்! கல்லில் பாதத்தைப் பார்த்தே இந்த மாற்றத்தை அறிகிறோம்.

தமிழகத்திலும் குதிரை பழைய விருந்தாளிதான். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் என்னும் வணிகர்கள் வருகிறார்கள். பாண்டிய நாட்டு மன்னர்கள் பெரும்பொருள் செலவிட்டு ஆண்டுதோறும் குதிரைகளை வாங்குவதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்தார். குதிரையோடு சேணக் கலையும் வளர்ந்தது. அங்கவடி என்ற நம் சொல்லுக்கு நெருங்கிய உறவுச் சொற்கள் தெலுங்கிலும் கன்னடத்திலும் இருப்பது, இக்கருவி தென்னாட்டுப் படைகளில் பரவலாக வழங்கியதைக் காட்டுகிறது.

புதுச்சேரிக்கு வடமேற்கே உள்ளது செஞ்சிக் கோட்டை. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்துக் குதிரைமீது போரிட்டு மாண்ட தேசிங்குராசனின் கதையை இன்றும் சிற்றூர்களில் பாடுகிறார்கள். அதே கோட்டையை 1750இல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை கைப்பற்றியது. அக்காலத்தில் நாளெல்லாம் சேணத்தில் அமர்ந்திருந்த வீரர்களின் முழங்கால்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைப் போர்ப் பாடல்கள் சொல்வதில்லை.

மூட்டு வலியுள்ள செல்வர்களுக்கு வேறொரு வழி இருந்தது: பல்லக்கு. 1736 முதல் 1761 வரை புதுச்சேரி வாழ்க்கையை நாட்குறிப்பாக எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தில் பல்லக்கில் செல்வது மதிப்பின் அடையாளம். பிற்காலத்தில் இந்நகரில் 'பூஸ் பூஸ்' என்னும் தள்ளுவண்டி வந்தது. ஆள் பின்னாலிருந்து தள்ள, உள்ளே அமர்ந்தவர் முன்னேயுள்ள கைப்பிடியால் திசை திருப்புவார். இத்தகைய பழைய ஊர்திகளைப் புதுவை அருங்காட்சியகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பல்லக்கும் தள்ளுவண்டியும் ஒருவரின் முழங்காலைக் காத்தன. ஆனால் அந்தப் பாரம் மறைந்துவிடவில்லை. சுமப்பவரின் தோளுக்கும் முழங்காலுக்கும் அது மாறியது, அவ்வளவுதான். அங்கவடி இந்த வகையில் மேலானது. பிறர் முதுகில் ஏற்றாமல், ஏறுபவரின் பாரத்தை அவருடைய உடலுக்குள்ளேயே நன்றாகப் பங்கிட்டுத் தருகிறது.

மூட்டுக்குள் நடப்பது என்ன?

இனி உடலியலுக்கு வருவோம். சேணத்தில் சும்மா அமர்ந்திருக்கும்போது எடையின் பெரும்பகுதியை இருக்கையும் தொடைகளும் தாங்குகின்றன. குதிரை துள்ளு நடையில் செல்லும்போது நிலை மாறுகிறது. அதன் முதுகு ஒவ்வோர் அடிக்கும் மேலே தூக்கி எறியும். அதிர்ச்சியைத் தவிர்க்க வீரர் ஓர் அடிக்கு எழுந்து மறு அடிக்கு அமர்கிறார். நிமிடத்திற்கு ஏறத்தாழ 75 முறை எழ வேண்டும். ஒரு மணி நேரம் அவ்வாறு சென்றால் 4,500 முறை! ஒவ்வொரு முறையும் உடலின் எடை அங்கவடியில் இறங்கி, கணுக்கால், முழங்கால், இடுப்பு வழியே மேலேறுகிறது.

முழங்காலின் முன்புறம் சில்லு எலும்பு உள்ளது. முழங்கால் மடங்க மடங்க, அது தொடை எலும்பின்மீது அழுத்தும் விசை கூடுகிறது. சமதரையில் நடக்கும்போது இவ்விசை உடல் எடையில் பாதி அளவே. படி ஏறும்போது மூன்று மடங்கைத் தாண்டும். முழுதும் குந்தி எழும்போது ஏழு மடங்கிற்கும் மேல் போகும். ஆகவே அங்கவடி வாரைக் குறுக்கி முழங்காலை மிகவும் மடக்கிக்கொண்டு செல்பவர், ஒவ்வொரு முறை எழும்போதும் குந்தி எழுபவரைப் போலச் சில்லு எலும்பை வருத்துகிறார். பந்தயக் குதிரை வீரர்கள் அப்படித்தான் செல்கிறார்கள். ஆனால் அவர்கள் இளைஞர்கள், ஓட்டமும் சில நிமிடங்களே.

வாரை மிக நீட்டிவிட்டால் வேறு தொல்லை. பாதம் தட்டை எட்டாமல் நுனிவிரலால் துழாவ வேண்டிவரும். குதிகால் மேலெழுந்து கணுக்காலின் விற்சுருள் போன்ற இயக்கம் நின்றுவிடும். அதிர்ச்சி நேரே இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் போகும்.

எந்த அங்கவடி ஏற்றது?

மூட்டு நோய் உள்ளவர்க்கு விலை உயர்ந்த அங்கவடியே நல்லது என்று எண்ண வேண்டாம். முதலில் கவனிக்க வேண்டியது வாரின் நீளம். அதைச் சரிசெய்யச் செலவே இல்லை. தரையில் நின்று, கைவிரல் நுனியைச் சேணத்தில் வார் மாட்டும் இடத்தில் வைத்து, அங்கவடியைக் கையோடு நீட்டிப் பிடித்தால் அது அக்குளைத் தொட வேண்டும். இது பழைய அளவு முறை. ஏறிய பின் கால்களைத் தளர்வாகத் தொங்கவிட்டால் அங்கவடியின் தட்டு கணுக்கால் எலும்பின் அருகே நிற்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் இதிலிருந்து ஓரிரு துளைகள் நீட்டிப் பார்க்கலாம்.

இரு வார்களும் ஒரே நீளமா என்பதையும் அடிக்கடி பார்க்க வேண்டும். வழக்கமாக இடப்புறமிருந்தே ஏறுவதால் இட வார் விரைவில் நீண்டுவிடும். சில செ.மீ. வேறுபாடு போதும், இடுப்பு ஒருபக்கம் சாய. அவ்வப்போது வார்களை இடம் வலம் மாற்றிப் போடுவது நல்லது.

அடுத்தது தட்டு. முன் போட்ட கணக்கின்படி, அகன்ற தட்டு பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும். பாதத்தில் மரமரப்பு, விரல் மூட்டு வலி உள்ளவர்க்கு இது பெரிதும் உதவும். நெடுந்தூரக் குதிரைப் பயணம் செய்வோர் அகன்ற தட்டையே விரும்புகின்றனர். மேலே ரப்பர் மெத்தை ஒட்டிய தட்டு சிறு அதிர்வுகளை வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, கணுக்காலின் இயக்கம். பக்கக் கம்பிகளில் ரப்பர் மூடிய மூட்டுகள் உள்ள அங்கவடிகள் கிடைக்கின்றன. பாதம் சாயும் பக்கம் தட்டும் சற்றே சாயும். விறைத்துப்போன கணுக்காலுக்கு இது ஆறுதல் தரும். மாறாக, தசைநார் தளர்ந்து கணுக்கால் அடிக்கடி பிசகுபவர்க்கு ஆடாத தட்டே பொருந்தும். ஒரே 'மூட்டு வலி'க்கு எதிரெதிரான இரு தீர்வுகள் இருப்பதைக் கவனியுங்கள். எந்த மூட்டு, என்ன கோளாறு என்று மருத்துவரிடம் தெரிந்துகொள்ளாமல் கருவியை வாங்குவது வீண்.

நான்காவது, முறுக்கு விசை. சாதாரண அங்கவடி வாரில் தொங்கும்போது குதிரையின் உடலோடு ஒட்டி நிற்கும். பாதத்தை நுழைக்க அதைக் குறுக்கே திருப்ப வேண்டும். முறுக்கிய வார் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப முயலும். அந்த விசை நாள் முழுவதும் கணுக்காலையும் முழங்காலையும் திருகிக்கொண்டே இருக்கும். முழங்கால் முன்னும் பின்னும் மடங்கத்தான் அமைந்தது. திருகலைத் தாங்க அமைந்ததன்று. வார் நுழையும் கண் செங்கோணத்தில் திரும்பிய அங்கவடிகளில் இத்தொல்லை இல்லை.

எடையிலும் ஒரு செய்தி உண்டு. இலேசான அங்கவடி வசதி என்று தோன்றும். ஆனால் பாதம் நழுவினால் அது ஊசலாடிக்கொண்டே இருக்கும். மீண்டும் கண்டுபிடிப்பது கடினம். கனத்த எஃகு அங்கவடி அசையாமல் தொங்கிப் பாதத்தை எதிர்பார்த்து நிற்கும். காலை வேகமாக அசைக்க இயலாதவர்க்கு இதுவே மேல்.

எல்லாவற்றிற்கும் மேலானது பாதுகாப்பு. காலணியின் அகலத்தைவிட அங்கவடியின் உள்ளகலம் இருபுறமும் சேர்த்து ஏறத்தாழ 2.5 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் பாதம் சிக்கிக்கொள்ளும். கூடினால் பாதம் முழுதும் உள்ளே நழுவிவிடும். இரண்டிலும் விழுந்தவரைக் குதிரை இழுத்துச் செல்லும் பேராபத்து உண்டு. விழும்போது ஒருபக்கம் தானே திறந்துகொள்ளும் அங்கவடிகள் இதற்காகவே செய்யப்படுகின்றன. மூட்டு நோயாளி காலை விரைந்து உருவிக்கொள்ள இயலாதவர் ஆதலால் அவருக்கு இவை மிகவும் தேவை. ஏறவும் இறங்கவும் படிமேடையைப் பயன்படுத்தினால் ஏறுபவரின் முழங்கால் மட்டுமன்றிக் குதிரையின் முதுகும் காக்கப்படும். காயஸ் கிராக்கஸின் கல்லுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

கால்கள் இயங்காத வீராங்கனை

1944இல் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்னும் இளம் குதிரை வீராங்கனை இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 23. முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. இனிக் குதிரை ஏற முடியாது என்று பிறர் முடிவு கட்டினர். அவர் தளராமல் பயின்றார். குதிரை ஏறவும் இறங்கவும் பிறர் உதவ வேண்டியிருந்தது. ஆயினும் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஆண்களோடு சமமாகப் போட்டியிட்டு, குதிரை நடைப்பயிற்சிப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956இல் மீண்டும் வெள்ளி வென்றார்.

அவருடைய வெற்றி உலகெங்கும் ஊனமுற்றோர் குதிரையேற்றத்திற்கு ஊக்கம் தந்தது. 1996இல் அட்லாண்டா பாராலிம்பிக்கிலிருந்து இது போட்டியாகவே இடம்பெற்று வருகிறது. கால்களை அடக்க இயலாத வீரர்கள் முன்புறம் மூடிய அங்கவடிகளையும், அங்கவடி அலையாதபடி பிடித்துக்கொள்ளும் ரப்பர் பட்டைகளையும் பயன்படுத்துகின்றனர். ரப்பர் பட்டை ஏன்? விழும் நிலையில் அது விட்டுக்கொடுத்துக் காலை விடுவிக்க வேண்டும் என்பதற்காக.

சிதியரின் தொங்கிய பாதம் முதல் இந்த ரப்பர் பட்டை வரை ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் ஆகியுள்ளன. இத்தனை காலத்திலும் 'மிகச் சிறந்த அங்கவடி' என ஒன்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்கவும் முடியாது. வெறுங்காலுக்குக் கண்ணியும், காலணிக்கு வளையமும், காயமுற்றவர்க்கு இரண்டாம் படியும், வலியுற்றவர்க்கு அகன்ற தட்டுமாக, அவரவர் உடலுக்கேற்பவே அது மாறி வந்திருக்கிறது. உடலுக்குக் கருவியைப் பொருத்த வேண்டுமே தவிர, கருவிக்கு உடலைப் பொருத்தக் கூடாது. நாற்காலி, மிதிவண்டி, தையல் இயந்திரம் என நாம் நாள்தோறும் கையாளும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அடுத்த முறை கோயில் மண்டபத்தில் குதிரை வீரர் சிலையைக் காணும் மாணவர்கள், வாளையும் ஈட்டியையும் பார்த்த பிறகு பாதத்தையும் பார்க்க வேண்டும். கால் வெறுமையா, காலணி உண்டா? விரல் நுழைந்திருக்கிறதா, பாதம் பதிந்திருக்கிறதா? முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது? வரைந்து, ஊரின் பெயரையும் கோயிலின் காலத்தையும் குறித்து வைத்தால், புதுச்சேரியில் தெலோஷ் செய்த பணியின் சிறு தொடர்ச்சியாக அது அமையும்.